காட்டுயிர் ஒளிப்படக்கலை: ‘வனவிலங்கு’ ஏன் பொருந்தாது?

சமூக மன்றம் ஒன்றின் அறிவிப்பு கைக்கு வந்தது. ‘வனவிலங்கு புகைப்படப் போட்டி’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே ஒரு படம்: மரப்பொந்தில் தொற்றிக்கொண்டு, அலகு நுனியில் அத்திப்பழத்தைப் பிடித்தபடி ஓர் இருவாச்சி. பறவையின் படத்தைப் போட்டுவிட்டு மேலே விலங்கு என்று எழுதியிருக்கிறார்கள். மொழிபெயர்த்தவருக்கும் உறுத்தவில்லை, சரிபார்த்தவருக்கும் உறுத்தவில்லை. இந்தப் பிழை சிங்கப்பூரில் இப்போது வழக்காகவே ஆகிவிட்டது.

வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராஃபி என்பதுதான் மூலம். ஃபோட்டோகிராஃபி என்ற சொல்லை 1839இல் பரவலாக்கியவர் ஜான் ஹெர்ஷல். ஒளி, வரைதல் என்ற இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. வைல்ட் என்றால் மனிதர் வளர்க்காதது, பழக்காதது. லைஃப் என்றால் உயிர். மூலத்தில் விலங்கும் இல்லை, வனமும் இல்லை. இந்தக் கலையின் முன்னோடிகளான கியர்ட்டன் சகோதரர்கள் 1892இல் இங்கிலாந்தில் படம் பிடித்தது ஒரு பறவைக்கூட்டை. 1895இல் வந்த அவர்களது நூலும் பறவைக்கூடுகளைப் பற்றியதே.

விலங்கு என்ற சொல்லுக்கு அடிப்படைப் பொருள் குறுக்கு. நிமிர்ந்து நிற்காமல் உடல் குறுக்காக அமைந்தது விலங்கு. பறப்பதைத் தமிழ் என்றும் தனியாகவே வைத்திருக்கிறது. ‘பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை’ என்று பறவைக் குஞ்சுக்குரிய பெயர்களைக்கூடப் பிரித்துச் சொல்கிறது தொல்காப்பிய மரபியல். தொடக்கப்பள்ளிப் பிள்ளையிடம் மீன்கொத்தி விலங்கா பறவையா என்று கேட்டால் தயங்காமல் பதில் வரும். சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் நீண்ட லென்ஸோடு காத்திருப்பவர்களின் படங்களைப் பாருங்கள். கொக்கு, மீன்கொத்தி, வலசை வரும் உள்ளான், தட்டான், உடும்பு, சேற்றில் கிடக்கும் முதலை. இத்தனையும் விலங்கு என்ற ஒரு சொல்லில் எப்படி அடங்கும்?

சிங்கப்பூரில் காட்டுயிர்களைப் பாதுகாக்கும் நம் சட்டத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் காட்டு விலங்குகளும் பறவைகளும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருந்தன. 2020இல் சட்டத்தைத் திருத்தியபோது இரண்டையும் தழுவும் வைல்ட்லைஃப் என்ற ஒரே சொல்லைப் பெயராக்கினார்கள். ஆங்கிலத்தில் விரிந்த அந்தப் பெயரை ‘வனவிலங்குச் சட்டம்’ என்று தமிழில் எழுதும்போது பறவைகளை வெளியே தள்ளிவிடுகிறோம்.

அடுத்து, வனம். வடசொல் என்பதால் எனக்கு அது பிடிக்காது என்பது உண்மைதான், ஆனால் என் மறுப்புக்கு அதைவிட வலுவான காரணம் உண்டு. வனவாசம், வனத்துறை என எங்கே வந்தாலும் வனம் இடத்தையே குறிக்கிறது. மரினா பே கரையில் மீனைக் கடித்துத் தின்னும் நீர்நாய்க் குடும்பத்துக்கு ஏது வனம்? அதனால்தான் காட்டுயிர் என்கிறேன். ‘அப்படியானால் காட்டுயிர் என்றாலும் காடு வருகிறதே’ என்று கேட்கிறார்கள். காடு வேறு, காட்டு என்ற அடைமொழி வேறு. காட்டுப்பூனை, காட்டாமணக்கு, காட்டுமல்லி என்று சொல்லும்போது தானாக வாழ்வது, வளர்ப்பில் இல்லாதது என்ற பொருள் தானே வந்துவிடுகிறது. புலாவ் உபின் தீவில் திரியும் காட்டுக்கோழி வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்கின் அடித்தளத்துக்கு வந்து கூவினாலும் அது காட்டுக்கோழிதான், வீட்டுக்கோழி ஆகிவிடாது. ஆங்கில வைல்டுக்கு நிகரான அடைமொழி நம் பேச்சிலேயே உயிரோடு இருக்கும்போது வனத்தைத் தேடிப் போவானேன்? தமிழகத்தில் சூழலியல் எழுத்தாளர் சு. தியடோர் பாஸ்கரன் போன்றோர் நெடுங்காலமாகக் காட்டுயிர் என்றே எழுதி வருகிறார்கள்.

கானுயிர் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல், பிழையும் இல்லை. ஆனால் இன்றைய பேச்சில் கானம் என்றால் பாட்டுதான் நினைவுக்கு வரும். வானொலியில் ஒரு முறை கேட்பவருக்கும் புரிய வேண்டுமானால் காட்டுயிரே நல்லது.

புகைப்படமா ஒளிப்படமா என்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. பேச்சில் புகைப்படம் இருக்கட்டும். கலையின் பெயராக எழுதும்போது மூலத்தின் ஒளியை விடாத ஒளிப்படக்கலையே பொருத்தம். ஆக, காட்டுயிர் ஒளிப்படக்கலை, காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர், காட்டுயிர்ச் சட்டம்.

சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம்தான் இத்தனைக்கும் வேர். காட்டில் மரத்தில் கட்டி வைக்கும் கருவி, விலங்கு நடமாடினால் தானே படம் எடுக்கும். ‘கேமரா டிராப்’ என்ற அதன் ஆங்கிலப் பெயரை அப்படியே ‘கேமரா பொறி’ என்று எழுதுகிறார்கள். பொறி என்றால் நமக்கு எலிப்பொறி. விலங்கைப் பிடித்து அடைக்கிறார்கள் என்றல்லவா வாசகர் நினைப்பார்? தானியங்கிக் கேமரா என்றால் யாருக்கும் புரியும்.

இதில் நடைமுறைத் தீங்கும் உண்டு. அனுமதியின்றிக் காட்டுயிருக்கு உணவளித்தால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். புழுவை வைத்துப் பறவையைக் கிளைக்கு வரவழைத்துப் படம் எடுப்பவருக்கும் அது பொருந்தும். ‘வனவிலங்குகளுக்கு உணவளிக்காதீர்’ என்று மட்டும் எழுதினால், அதைப் படிக்கும் நம் பெரியவர் குரங்கையும் காட்டுப்பன்றியையும்தான் நினைப்பார். புளோக்கின் கீழே புறாவுக்கு ரொட்டித் துண்டு போடுவதும் குற்றம் என்று அந்த வரியிலிருந்து அவருக்குத் தெரிய வழியே இல்லை.