சராசரி எடுத்தா காணாமப் போற முக்கோணம்

"ஒரு மோதல்ல ஆயிரக்கணக்குல துகள் சிதறுதே, அதுல இதுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்குன்னு எப்படி சார் சொல்றாங்க, எல்லாம் சும்மா கும்பல்தானே?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இதே கும்பலைப் பார்த்து பெரிய பெரிய ஆளுங்களே சில வருஷம் வேற எதையோ நினைச்சுக்கிட்டு இருந்தாங்க.

அடிப்படையை வேகமா ஓட்டிடறேன். ஈய அணுக்கருவுக்குள்ள புரோட்டானும் நியூட்ரானுமா 208 உருப்படி. ஐரோப்பாவோட செர்ன் ஆய்வுக்கூடத்துல, எல்எச்சிங்கிற துகள் மோத விடுற மெஷின்ல ரெண்டு ஈய அணுக்கருவை கிட்டத்தட்ட ஒளி வேகத்துல எதிரெதிரா மோத விடுறாங்க, அமெரிக்காவுல புரூக்ஹேவன் லேப்ல இதையே தங்கத்தை வெச்சுப் பண்ணினாங்க. மோதின இடத்துல சூடு லட்சம் கோடி டிகிரிக் கணக்குல ஏறி, புரோட்டான் நியூட்ரான் எல்லாம் கரைஞ்சு, அதுக்குள்ள இருக்கிற குவார்க், குளுவான்ங்கிற குட்டித் துகள்கள் அவிழ்ந்து கலந்த குழம்பா, அதாவது குவார்க்-குளுவான் பிளாஸ்மாவா ஆயிடுது. அது திரவம் மாதிரி வழிஞ்சு விரிஞ்சு ஆறி, ஈயம் நேருக்கு நேர் மோதினா பத்தாயிரத்துக்கும் மேல துகளா வெளிய வருது.

பெரும்பாலான மோதல் நேருக்கு நேர் நடக்காது, கொஞ்சம் ஓரமா உரசும். ரெண்டு வட்டம் பாதி ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா நடுவுல கண் வடிவம் வருமில்ல, அதான் பிளாஸ்மாவோட ஆரம்ப வடிவம். ஒடுக்கமான பக்கம் அழுத்தம் சடார்னு குறையறதால திரவம் அந்தப் பக்கம் வேகமா தள்ளும், அதனால எதிரெதிரா ரெண்டு திசையில துகள் அதிகமா வரும். இதுக்குப் பேரு நீள்வட்ட ஓட்டம். அணுக்கருவை வழவழப்பான உருண்டைன்னு வெச்சுக்கிட்டதால மூணு திசையில தள்ள வழியே இல்லைன்னு எல்லாரும் விட்டுட்டாங்க, கணக்குல அது பூஜ்யம்தான்.

ஆனா புரூக்ஹேவன் டேட்டாவுல நீள்வட்டத்தைக் கழிச்சுப் பார்த்தா, ஒரு துகளுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரே மேடு, அதாவது துகள் அதிகமா விழுற இடம், வரவேண்டிய இடத்துல ரெண்டு மேடு இருந்துச்சு. ஜெட் விமானம் கிளப்புற சோனிக் பூம் மாதிரி பிளாஸ்மாவுக்குள்ள ஏதோ ஒரு துகள் அதிர்வலை கிளப்புதுன்னு பேப்பர் மேல பேப்பர் வந்துச்சு. புராக் ஆல்வர், குந்தர் ரோலண்ட்னு அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழகத்துல இருந்த ரெண்டு பேர் 2010ல சொன்னது இவ்வளவுதான்: அணுக்கரு வழவழப்பான உருண்டை இல்லப்பா, உள்ள இருக்கிற உருப்படியெல்லாம் மோதுற அந்த நொடியில எங்க எங்க இருக்கோ அங்க அங்கதான் இருக்கும். ஒண்ணை ஒண்ணு கடக்குற நேரம் அவ்வளவு குறைச்சல், நகரக்கூட முடியாது, பிளாஷ் போட்டு எடுத்த போட்டோ மாதிரி உறைஞ்சு நிக்கும். அந்தக் குவியல் ஒவ்வொரு மோதலுக்கும் மாறும், அதுல எப்பவுமே கொஞ்சம் முக்கோணச் சாயல் இருக்கும், அதனால திரவம் மூணு திசையிலயும் தள்ளும். இதுதான் முக்கோண ஓட்டம்.

அப்ப ஏன் இத்தனை நாள் தெரியல? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். முக்கோண ரப்பர் ஸ்டாம்ப் ஒண்ணை ஆயிரம் டிரேசிங் பேப்பர்ல ஆளுக்கொரு திசையா திருப்பித் திருப்பி குத்துங்க, எல்லாத்தையும் அடுக்கி வெளிச்சத்துல பிடிச்சா வட்டம்தான் தெரியும், முக்கோணம் போயே போச்சு. ஆனா ஒவ்வொரு பேப்பர்லயும் மூலைக்கும் மூலைக்கும் நடுவுல எத்தனை டிகிரின்னு அளந்து அந்த வித்தியாசத்தை மட்டும் அடுக்குங்க, ஸ்டாம்ப் எப்படித் திரும்பியிருந்தாலும் 120, 240ன்னுதான் விழும். அதேதான் இங்கயும், துகள் எந்தக் கோணத்துல போச்சுன்னு பார்க்காம, ஜோடி ஜோடியா எடுத்து நடுவுல எவ்வளவு கோணம்னு பார்க்கணும். முக்கோணம் 0, 120, 240ல மேடு போடும், 180ல பள்ளம். அதாவது நேர் எதிர்ப்பக்கத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மேடு, அந்தப் பக்கம் ஒரு மேடு. சோனிக் பூம்னு நினைச்சது இதைத்தான்!

சரி, அந்த ஜோடிக்குள்ள நிஜமாவே தொடர்பு இருக்கா, இல்ல டிடெக்டர்ல இருக்கிற ஓட்டையால வந்த மாயமா? அதுக்கு ஒரு அருமையான வேலை செய்வாங்க. ஒரு துகளை ஒரு மோதல்ல இருந்தும் இன்னொண்ணை வேற மோதல்ல இருந்தும் எடுத்துப் பொய் ஜோடி போடுவாங்க. இதுங்களுக்குள்ள தொடர்பு இருக்கவே முடியாது, ஆனா டிடெக்டர் கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். நிஜ ஜோடி எண்ணிக்கையை இதால வகுத்தா மிஞ்சுறதுதான் சரக்கு. ஜோசியம் அப்படியே பலிச்சுதுன்னு சொல்றவங்க இந்த ஒரு வேலையைத்தான் பண்ண மாட்டாங்க, அடுத்தவர் ஜாதகப் பலனை எடுத்து இவருக்குப் படிச்சா அதுவும் இதே அளவு பொருந்துதான்னு பார்த்தா சோலி முடிஞ்சுது.

2011ல செர்ன்ல இந்த மோதல்களை அளக்குற ஆலிஸ் குழு முக்கோண ஓட்டத்தை அளந்து காட்டினாங்க. கிட்டத்தட்ட நேருக்கு நேரான மோதல்கள்ல எதையும் கழிக்காமலே அந்த ரெண்டு மேடு தெரிஞ்சுது. அப்புறம் சதுரம், ஐங்கோணம்னு தேட ஆரம்பிச்சாங்க. நுணுக்கமான வடிவம்தான் திரவத்துல முதல்ல அழியும், அதனால எது எவ்வளவு மிஞ்சுதுன்னு பார்த்து பிசுபிசுப்பைக் கணக்கு போடலாம். என்ட்ரோபியோட, அதாவது உள்ள எவ்வளவு ஒழுங்கின்மை இருக்குங்கிற அளவோட, ஒப்பிட்டுப் பார்த்தா, நமக்குத் தெரிஞ்ச திரவங்கள்லயே பிசுபிசுப்பு ரொம்பக் குறைச்சலானது இதுதான்னு சொல்லலாம்.

இதுல எனக்கு ஒரு ஆதங்கம். அந்த முக்கோணம் பல வருஷமா பழைய டேட்டாவுக்குள்ளயே படுத்திருந்துச்சு, புது மெஷின் எதுவும் தேவைப்படல. மெஷினுக்குக் கோடிகள்ல காசு ஒதுக்கறப்ப, பழைய டேட்டாவைத் திரும்பக் கிளற உக்காந்திருக்கிற ஆளுக்கும் சம்பளம்னு கொஞ்சம் ஒதுக்கினா என்ன?

இப்ப இதே வித்தையைத் தலைகீழாவும் பண்றாங்க. யுரேனியம் 238 அணுக்கருவை மோதவிட்டு, வெளிய வந்த துகளோட ஏற்ற இறக்கத்தை வெச்சு அது எவ்வளவு நீண்டிருக்குன்னு புரூக்ஹேவனோட ஸ்டார் குழு 2024ல சொல்லியிருக்காங்க. ஸ்டாம்ப்பையே பார்க்காம, குத்தின மையை மட்டும் பார்த்து.