மர விமானத்துக்கு மறுபடி ஓர் அச்சு

இரண்டாம் உலகப்போர் காலத்துக் குண்டுவீச்சு விமானங்களில் பெரும்பாலானவை அலுமினியத்தால் ஆனவை. எழுபது வருஷம் ஏரிக்கடியில் கிடந்தாலும் தகடு ஏதோ ஒரு வடிவத்தில் மிஞ்சும். நசுங்கிய துண்டை நிமிர்த்தி, அளந்து, அதைப்போல இன்னொன்று அடித்துவிடலாம். பிரிட்டனின் டி ஹாவிலாண்ட் கம்பெனி செய்த மஸ்கிட்டோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது மர விமானம். வெட்டவெளியில் சில பத்தாண்டுகள் மழையில் நனைந்தால் கூடு உளுத்து உதிர்ந்துவிடும். இரும்புச் சாமான்களும் பித்தளைத் திருகாணிகளும்தான் மிஞ்சும்.

துப்பாக்கியே இல்லாமல், வேகத்தை மட்டும் நம்பி எதிரி நாட்டுக்குள் போய்வரும் குண்டுவீச்சு விமானமாக அதை வடிவமைத்தார்கள். முதல் மஸ்கிட்டோ பறந்தது 1940 நவம்பர் 25 அன்று. பிறகு 7,700-க்கும் மேல் செய்தார்கள். அலுமினியம் கிடைக்காத காலத்தில், மேசை நாற்காலி செய்துகொண்டிருந்த பட்டறைகளுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. அத்தனை செய்தும் என்ன? 1996-இல் மான்செஸ்டர் அருகே ஒன்று விழுந்து இருவர் இறந்தபின், 2012 வரை உலகில் எங்குமே மஸ்கிட்டோ பறக்கவில்லை.

அதன் உடற்கூட்டின் சுவர் மூன்று அடுக்கு. உள்ளேயும் வெளியேயும் மெல்லிய பிர்ச் மரப் பிளைவுட், நடுவில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பால்சா மரம். பால்சாவில் நகத்தை அழுத்தினாலே பள்ளம் விழும். அப்புறம் அதற்கு அங்கே என்ன வேலை? சுவர் வளையும்போது ஒரு பக்கத் தோல் இழுபடுகிறது, மறுபக்கத் தோல் நெருக்குப்படுகிறது. மெல்லிய பிளைவுட் இழுவிசையைத் தாங்கும். நெருக்கினால் சுருங்கி மடங்கும். அந்த மடிப்பு விழாமல் தடுப்பதும், இரண்டு தோல்களையும் விலக்கிப் பிடிப்பதும்தான் பால்சாவின் வேலை. தோல்களுக்கு இடையிலான தூரத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்காகும்; எடையோ கொஞ்சம்தான் கூடும். ரிவெட் தலைகள் இல்லாத வழவழப்பான மேற்பரப்பு என்பதால் காற்றின் இழுப்பும் குறைவு.

இந்த மூன்றடுக்குச் சுவரை வளைத்து ஒட்டுவதற்கு ஓர் அச்சு வேண்டும். உடற்கூட்டை, நிலக்கடலை ஓட்டை நெடுக்காகப் பிளந்தது போல, இடம் வலம் என்று இரண்டு பாதியாகத்தான் செய்தார்கள். ஒவ்வொரு பாதிக்கும் ஒரு குவிந்த அச்சு. அதன் மேல் உள்தோலைப் போர்த்தி, பசை தடவி, பால்சாப் பட்டைகளை வரிசையாக வைத்து, மேலே வெளித்தோலைப் போட்டு, எஃகுப் பட்டைகளால் இறுக்கிக் காயவிட வேண்டும். பாதிகள் திறந்திருக்கும்போதே கம்பிகளையும் குழாய்களையும் உள்ளே பொருத்திவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒட்டினார்கள்.

உற்பத்தி நின்ற பின் அந்த அச்சுகளை யாரும் பாதுகாக்கவில்லை. உடைந்த உறுப்பு எதுவானாலும் பார்த்துச் செய்துவிடலாம். அந்த உறுப்பைச் செய்த கருவியே இல்லையென்றால், முதலில் கருவியைச் செய்ய வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்து அருகே கிளின் பவல் என்பவர் பல வருஷம் உழைத்து முடித்தது அதைத்தான்.

அதில் உள்ள சங்கடத்தைப் பாருங்கள். அச்சு, கூட்டின் உட்புறத்துக்கு அளவு தருவது. வெளியே தெரியும் வடிவம் வேண்டுமானால் சுவரின் தடிமனைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தடிமனும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இறக்கையைத் தாங்கும் இடங்களில் பால்சாவுக்குப் பதில் கெட்டி மரம் வரும். சரி, மிஞ்சியிருக்கும் பழைய விமானம் ஒன்றை அளந்தால் என்ன? மரம் ஈரம் குடித்து ஊதும், காய்ந்து சுருங்கும். அறுபது வயதான கூட்டில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. அச்சில் பிசகு இருந்தால், இரண்டு பாதிகளையும் சேர்க்கும் நாளில் விளிம்புகள் பொருந்தாமல் நிற்கும்.

அச்சு கிடைத்த பின் அடுத்த கவலை பசை. ஆரம்பகால மஸ்கிட்டோக்களில் பாலின் புரதத்திலிருந்து எடுத்த கேசீன் பசை இருந்தது. ஈரம் பட்டால் பூஞ்சைக்கு அது நல்ல தீனி. பின்னர் செயற்கைப் பசைக்கு மாறினார்கள். 1944-இல் இந்தியா, பர்மா பகுதியில் சில மஸ்கிட்டோக்களின் இறக்கைகள் வானத்திலேயே உடைந்தன. நம் ஊர் வெயிலும் புழுக்கமும்தான் காரணம் என்று முதலில் பழி போட்டார்கள். பின்னர் நடந்த விசாரணையோ, தொழிற்சாலையில் மரங்களைச் சரியாகப் பொருத்தாததே முக்கியக் குறை என்றது. இடைவெளி விட்டுச் சேர்த்த மரத்தை எந்தப் பசையும் காப்பாற்றாது.

அதனால்தான் மரவிமானப் பட்டறைகளில் ஒரு கறாரான பழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து இரண்டு மரத்துண்டுகளை ஒட்டி வைப்பார்கள். காய்ந்ததும் அதை உடைத்துப் பார்ப்பார்கள். மரம் கிழிந்திருந்தால் ஒட்டு தேறியது. பசைக்கோடு பளபளவென்று தனியாகப் பிரிந்து வந்தால், அந்தக் கலவையால் ஒட்டிய எதையும் நம்பக் கூடாது. பிளைவுட் தகடுகளை நீளவாக்கில் இணைப்பதிலும் இதே கண்டிப்பு: விளிம்பைச் சரிவாக இழைத்து, ஒன்றின் மேல் ஒன்று படியவைத்து ஒட்ட வேண்டும். சரிவு வழக்கமாக 1-க்கு 12. அதாவது 2 மில்லிமீட்டர் தகட்டுக்கு 24 மில்லிமீட்டர்.

பவலின் அச்சில் உருவான புதுக்கூட்டோடு, ஆர்ட்மோரில் உள்ள ஆவ்ஸ்பெக்ஸ் நிறுவனம் மறுபடி கட்டிய கேஏ114 என்ற விமானம் 2012 செப்டம்பரில் பறந்தது. 1945-இல் கனடாவில் செய்யப்பட்டு, ஆல்பர்ட்டா மாகாணப் பண்ணை ஒன்றில் வருஷக்கணக்காக மக்கிக் கிடந்தது அது. 2019-இல் பிஇசட்474 என்ற இன்னொரு மஸ்கிட்டோவும் பறந்தது.

உலோகப் பாகங்களுக்கு வழி பிறந்தது 2017-இல். வேல்ஸில் புரோட்டன் விமானத் தொழிற்சாலையின் பழைய கட்டடம் ஒன்றை இடிக்கும் முன், மைக்ரோஃபிலிம் அட்டைகளில் 20,000-க்கும் மேற்பட்ட மஸ்கிட்டோ வரைபடங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை பிரிட்டனின் பீப்பிள்ஸ் மஸ்கிட்டோ அமைப்பின் கைக்கு வந்தன. அவர்கள் கட்டுவது 1949-இல் விழுந்து நொறுங்கிய ஆர்எல்249 என்ற மஸ்கிட்டோவை. அதில் பழையதாக இருக்கப்போவது கொஞ்சம் உலோகமும் பதிவெண்ணும்தான். அதைப் புதிய விமானம் என்று சொல்வதில் எனக்கு ஒன்றும் குறையாகப் படவில்லை. நியூசிலாந்து அச்சுகளையும் அவர்களே வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.