சொத்தையை முழுவதும் சுரண்டாமல் விடுவது ஏன்?

பல்லில் சொத்தை கண்டால், அதைச் சுற்றியுள்ள நல்ல பகுதியையும் சேர்த்துக் குடைந்தெடுத்து அடைப்பதே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பல் மருத்துவத்தின் வழக்கமாக இருந்தது. அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக் வகுத்த இந்த நெறிக்கு அன்று காரணம் இருந்தது. அக்காலத்து உலோகக் கலவை பல்லோடு ஒட்டாது. அது கழன்று விழாமலிருக்கக் குழியை அதற்கேற்ற வடிவில் பெரிதாக வெட்டியே ஆக வேண்டும். பல்லோடு ஒட்டும் பொருள்கள் வந்த பிறகு அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது.

சொத்தை என்றதும் நாம் குழியைத்தான் நினைக்கிறோம். ஆனால் குழி விழுவதற்கு வெகு காலம் முன்பே அது தொடங்கிவிடுகிறது. பல்லின் மேல் படியும் பிசுபிசுப்பான பற்படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்க, அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கும்போது பல்லின் வெளி உறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறுகின்றன. அமிலம் தணிந்ததும் உமிழ்நீர் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. வரவைவிடச் செலவு மிகுந்தால் முதலில் தோன்றுவது சுண்ணாம்புபோல் வெளுத்த ஒரு புள்ளி. அந்த நிலையில் துளையிடும் கருவிக்கு வேலையே இல்லை. ஃபுளோரைடு வார்னிஷ் பூசி, இனிப்பு உண்ணும் தடவைகளைக் குறைத்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். இரு பற்களுக்கு இடையே ஒளிந்திருக்கும் புள்ளிக்கு ஜெர்மனியில் உருவான ஒரு முறை உண்டு: 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் மேற்பரப்பைத் திறந்து, நன்கு உலர்த்தி, ரெசின் என்னும் நீர்த்த பிசினை இட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அது நுண்துளைகளுக்குள் ஊறி, ஒளி பட்டதும் இறுகி அமிலத்தின் வழியை அடைத்துவிடுகிறது.

ஆழமான சொத்தையில்தான் உண்மையான வியப்பு இருக்கிறது. பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பல்கூழை ஒட்டி, சொத்தையால் மெத்தென்றாகிவிட்ட டென்டினை (எனாமலுக்கு அடியிலுள்ள பகுதியை) முழுவதும் சுரண்டினால் பல்கூழ் வெளிப்பட்டு, வேர் சிகிச்சை வரை போக நேரிடலாம். ஆகவே பல்கூழுக்கு நோய் முற்றாத பற்களில், குழியின் ஓரங்களை மட்டும் கெட்டியான பகுதி வரும்வரை துப்புரவாக்கி, அடித்தளத்தில் சிறிது சொத்தையை வேண்டுமென்றே விட்டு மேலே இறுக மூடிவிடுகிறார்கள். உணவு கிடைக்காத பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மடிகின்றன, எஞ்சியவை முடங்குகின்றன. உயிருள்ள பல்கூழோ உள்ளிருந்து புதிய டென்டினைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. அழுக்கை உள்ளே வைத்து மூடுவதா என்று கேட்கத் தோன்றும். ஓரத்தில் கசிவு இல்லாதவரை அந்த அழுக்கால் வளர முடியாது என்பதே பதில். மெத்தென்ற பகுதியை மட்டும் இளக்கிக் கையால் வழித்தெடுக்க, பப்பாளிப் பாலிலுள்ள பப்பைன் நொதி கலந்த களிம்பும் பிரேசிலில் உருவாக்கப்பட்டது.

வயதானவர்களுக்கு ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரியும். எனாமல் இல்லாத அந்த இடம் இன்னும் மென்மையான அமிலத்திலேயே கரையத் தொடங்கும். அங்கே 38 சதவீத சில்வர் டையமைன் ஃபுளோரைடைத் துளையிடாமலே தடவலாம். வெள்ளி பாக்டீரியாவைக் கொல்கிறது, ஃபுளோரைடு எஞ்சிய டென்டினை இறுக்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சொத்தைப் பட்ட இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதால் முன்பற்களில் இதைப் பூசப் பலரும் தயங்குகிறார்கள். கடைவாய்ப் பல்லின் வேரிலோ அந்தக் கறுப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.