அசிஸ்டன்ட் பிரக்டிஷனர்: அப்போதிக்கரியும் அல்ல, உதவி வைத்தியரும் அல்ல

லண்டனில் இருக்கும் சித்தியின் மகள் 'அசிஸ்டன்ட் பிரக்டிஷனர்' படிக்கிறாள் என்று சொன்னால், கிளிநொச்சியில் கேட்பவர் காதில் அது 'ஏ.எம்.பி.' என்றே விழும். வன்னிக்கு அது பழகிய சொல். அசிஸ்டன்ட் மெடிக்கல் பிரக்டிஷனர், ஊர்வாயில் அப்போதிக்கரி. நடுவில் நிற்கும் 'மெடிக்கல்' ஒன்றுதான் கூடக்குறைய. ஆனால் அது இரண்டு தொழில்களைப் பிரிக்கிற சொல்.

முதலில் பழையதைப் பார்ப்போம். கிரேக்கத்தில் 'அபொதேகே' என்றால் பண்டகசாலை. சரக்கு வைத்திருந்தவர் மருந்துச் சரக்கு வைத்திருப்பவரானார், பிறகு மருந்து கலப்பவரானார். இலங்கைக்கு வந்த அப்போதிக்கரி நோயும் பார்த்தார். மருத்துவப் பட்டம் இல்லை. அரசு நடத்திய குறுகிய பயிற்சி மட்டும். 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இவர்களுக்கெனத் தனிப் பதிவேடு உண்டு. பின்னாளில் 'பதிவு பெற்ற வைத்திய அதிகாரி' என்ற பெயரும் வந்தது. பெருந்தெருவிலிருந்து உள்ளே தள்ளிக் கிடந்த ஊர்களில் டிஸ்பென்சரி என்றால் அவர்தான். கழுவிய போத்தலோடு போனால் மிக்ஸ்சரை ஊற்றி, பக்கவாட்டில் பல்லுப்பல்லாக வெட்டிய கடதாசியை ஒட்டித் தருவார். ஒரு வெட்டு ஒரு வேளை. குளிர்காய்ச்சலா வெறும் தடிமனா என்று தீர்மானித்ததும் அவரே, மருந்தை எழுதியதும் அவரே. தலையில் 'அசிஸ்டன்ட்' இருந்தாலும் அந்த அறையில் அவருக்கு மேல் ஆள் இல்லை.

இங்கிலாந்தின் அசிஸ்டன்ட் பிரக்டிஷனர் நோயை நிர்ணயிப்பதில்லை, மருந்து எழுதுவதில்லை. தாதி, இயன்மருத்துவர், கதிர்ப்படப்பிடிப்பாளர் என்று பதிவு பெற்ற ஒருவர் ஒப்படைக்கும் வேலையைச் செய்பவர். அங்குள்ள அரச சுகாதார சேவையில் வழமையாக 4ஆம் சம்பளப் படி. கீழே 2, 3இல் சுகாதார உதவியாளர். மேலே 5இல் புதிதாகச் சேரும் பதிவுத் தாதி. அசிஸ்டன்ட் பிரக்டிஷனருக்குச் சட்டப்படியான பதிவேடு இல்லை. 'நர்சிங் அசோசியேட்' என்பது வேறு பதவி. அதற்கு 2019 ஜனவரியிலிருந்து பதிவு உண்டு. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

ஒப்படைத்த வேலை என்றால் சின்ன வேலை என்று எண்ண வேண்டாம். வார்டில் ஒருவரின் மூச்சை எண்ணுவதை எடுங்கள். நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்ட அங்கே பாவிக்கும் எச்சரிக்கைப் புள்ளி அட்டவணையில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு இருந்தால் புள்ளி 0. 21 முதல் 24 வரை 2. 25 அல்லது அதற்கு மேல் 3. அவசரத்தில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிறவருக்கு 5 மூச்சு 20 ஆகும், 6 மூச்சு 24 ஆகும். ஒரு மூச்சைத் தவறவிட்டால் 2 புள்ளி 0 ஆகிவிடும். அதனால்தான் முழு நிமிடம் எண்ணச் சொல்கிறார்கள். எண்ணுவதை நோயாளிக்குச் சொல்லவும் கூடாது. சொன்னால் மூச்சின் தாளம் மாறிவிடும். நாடி பிடிப்பதுபோலக் கையைப் பிடித்தபடி நெஞ்சைப் பார்த்தால் சரி. மற்ற அளவுகளையும் சேர்த்து மொத்தம் 5 வந்தால் உடனே பொறுப்பானவருக்கு அறிவிக்க வேண்டும். 7 என்றால் அவசர நிலை. எண்ணுவது, கூட்டுவது, அறிவிப்பது வரை இவர் பொறுப்பு. ஒட்சிசனைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா என்பது இவர் தீர்மானம் அல்ல. பயிற்சியில் பலர் இடறுவது இந்த எல்லையில்தான்.

பயிற்சி பொதுவாக 2 ஆண்டு அளவில், வேலையும் படிப்புமாக நடக்கும். 'பவுண்டேஷன் டிகிரி' எனும் அடிப்படைப் பட்டம் அல்லது 5ஆம் நிலைத் தொழிற்பயிலுநர் பயிற்சி என்ற வழிகளில் அதை முடிக்கலாம். தொழிற்பயிலுநர் வழியில் முதலில் அங்கே வேலை தருநர் இருக்க வேண்டும். வவுனியாவிலிருந்து படிவம் நிரப்பிச் சேர முடியாது. இன்னொரு பொறி அந்த '5'. எங்கள் தேசிய தொழிற்தகைமையான என்.வி.கியூ. 5ஐயும் அவர்களுடைய 5ஐயும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. இளமாணிப் பட்டம் அங்கே 6ஆம் நிலை, எங்கள் என்.வி.கியூ. வரிசையில் 7. அளவுகோலே வேறு.

இனித் தமிழ்ச் சொல். 'உதவி வைத்தியர்' என்றால் இங்கே அப்போதிக்கரி நினைவுக்கு வருவார். 'உதவி மருத்துவர்' தமிழ்நாட்டு அரசில் எம்.பி.பி.எஸ். முடித்தவரின் பதவிப்பெயர். 'துணை மருத்துவர்' என்றால் அம்புலன்சில் வருபவரை நினைப்பார்கள். மூன்றிலும் மருத்துவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். மூலச் சொல்லிலோ அவர் இல்லை.

'அசிஸ்டன்ட்' லத்தீனில் பக்கத்தில் நிற்பவர். 'பிரக்டிஷனர்' கிரேக்கத்தின் 'செய்தல்' என்ற வினையடியில் பிறந்தது. செய்தலுக்கு எங்களிடம் 'வினை' இருக்கிறது. மாவட்டச் செயலகமான கச்சேரியில் எழுதுவினைஞரை நாளும் பார்க்கிறவர்களுக்கு 'வினைஞர்' புதுச்சொல்லும் அல்ல. ஆகவே 'உதவிப் பராமரிப்பு வினைஞர்' என்று சொல்லலாம். பிரிவு தெரிந்தால் 'உதவிக் கதிர்ப்பட வினைஞர்', 'உதவி இயன்மருத்துவ வினைஞர்' என்று ஆக்கலாம். நீளம்தான், ஆனால் சொல் ஆக்க அஞ்ச வேண்டியதில்லை. 1848இல் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கி, பின்னர் அதைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர் இரசாயனத்துக்கு 'கெமிஸ்தம்' என்று தயங்காமல் வைத்தார். வாயில் நுழையாவிட்டால் பேச்சில் ஆங்கிலப் பெயரையே சொல்லிக்கொள்ளலாம், 'ஏ.பி.' என்று மட்டும் சுருக்க வேண்டாம், ஏ.எம்.பி.யோடு ஓரெழுத்துத்தான் தூரம்.

சான்றிதழை மொழிபெயர்ப்பவர் தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் மூலப் பெயரை ஒலிபெயர்த்துப் போட்டு, நிலை எண்ணுக்கு முன்னால் 'இங்கிலாந்து' என்றும் எழுதிவிட்டால் போதும். கல்யாணப் பேச்சில் சொல்லும்போது 'டொக்டருக்குப் படிக்கிறாள்' என்று சுருக்காமல் இருப்பது பெற்றோர் பொறுப்பு.