மூளைக்குக் கொடுத்த மாத்திரை இதயத்துக்கும் போகும்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் மெடிக்கல் கடை வைத்திருந்தால் இரண்டு மாநிலத்து மருந்துச் சீட்டும் கைக்கு வரும். ஒரே வீட்டில் அப்பாவுக்கு மார்த்தாண்டத்தில் வைத்தியம், பாட்டிக்குத் திருவனந்தபுரத்தில், பிள்ளைக்கு இரண்டு பக்கமும். போன மழைக்காலத்தில் ஓர் அம்மா, பையனின் சளிக்கு சிரப் வாங்க வந்தவர், கூடவே இன்னொரு சீட்டையும் நீட்டினார். மீத்தைல்ஃபெனிடேட், 10 மில்லிகிராம். பையனுக்கு ஒன்பது வயது, வகுப்பில் ஒரு இடத்தில் உட்காருவதில்லை, கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடான ஏ.டி.எச்.டி என்று டாக்டர் முறையாகப் பார்த்து எழுதியிருந்தார்.

அந்த மாத்திரை எங்கள் கடையில் கிடையாது. மருந்துச் சட்டத்தில் அது அட்டவணை எக்ஸ். விற்கத் தனி லைசென்ஸ் வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், சீட்டு இரண்டு பிரதியாக வர வேண்டும், அதில் ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். கிடைக்கிற இடத்தைச் சொல்லிவிட்டு, "பிள்ளைக்கு நெஞ்சுல கோளாறு ஏதும் இருந்துதா?" என்று கேட்டேன்.

"இதயத்துல ஓட்டை இருந்து. அது மூணு வயசுலயே திருவனந்தரத்துல அடைச்சாச்சுல்லா அண்ணா, இப்போ ஓடிச்சாடி நடக்கான்."

மார்த்தாண்டத்து டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. சரியாகிப் போனதை எதற்குச் சொல்வது என்று நினைத்திருக்கிறார். எந்தத் தாயும் அப்படித்தான் நினைப்பார். ஆனால் இந்த மருந்தைப் பொறுத்தவரை, சொல்ல வேண்டிய முதல் விஷயமே அதுதான்.

துள்ளுகிற பிள்ளைக்குப் போய் உசுப்புகிற மருந்தா என்று பலரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் நம்மை ஓரிடத்தில் உட்கார வைத்து, ஒரே வேலையில் கவனத்தைப் பிடித்து வைக்கிறது. அது வேலை செய்ய, நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் ரசாயனங்களான டோபமினும் நார்அட்ரினலினும் போதிய அளவு வேண்டும். ஒரு நரம்பு முனை இவற்றை வெளியே விட்டதும், அதே முனையில் இருக்கும் பம்புகள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. மீத்தைல்ஃபெனிடேட் அந்தப் பம்புகளை அடைக்கிறது. வயல் வேலை தெரிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மடை வழியாக வந்த தண்ணீர் வடிகாலில் ஓடிவிடாமல் வடிகாலைக் கொஞ்சம் அடைத்தால், பயிரின் காலடியில் தண்ணீர் கூடுதல் நேரம் நிற்கும். இதே குறைபாட்டுக்குக் கொடுக்கும் ஆம்ஃபிட்டமின் வகை மருந்துகள் வடிகாலை அடைப்பதோடு நிற்காமல் மடையையும் திறந்துவிடுகின்றன. காய்ந்து கிடந்த வயலுக்கு அது நல்லது, பிள்ளை அமைதியாகிறான்.

ஆனால் மாத்திரைக்கு நெற்றி எது நெஞ்சு எது என்று தெரியாது. நார்அட்ரினலின் இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் கண்மணிக்கும் போகிற அதே வாய்க்கால்தான், அங்கேயும் வடிகால் அடைபடும். 1944-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா கம்பெனியின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிசோன் இந்த மருந்தைத் தயாரித்தார். அவர் மனைவி மார்கரீட்டுக்கு ரத்த அழுத்தம் குறைவு, டென்னிஸ் ஆடப் போகும் முன் இதைப் போட்டுக்கொள்வார் என்று சொல்வார்கள். அவருடைய செல்லப்பெயர் ரீட்டா, அதிலிருந்துதான் ரிட்டலின் என்ற பெயர் வந்தது. பிரஷரை ஏற்றும் குணம் இந்த மருந்தோடு பிறந்தது என்பதற்கு இந்தக் கதையே போதும்.

எவ்வளவு ஏற்றும்? சராசரியாகப் பார்த்தால் ரத்த அழுத்தம் 2 முதல் 4 புள்ளி, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 3 முதல் 6. நல்ல இதயத்துக்கு இது மாடிப்படி ஏறுகிற அளவுகூட இல்லை. 2011-இல் அமெரிக்காவில் சுமார் 12 லட்சம் பிள்ளைகளையும் இளைஞர்களையும் வைத்துச் செய்த ஆய்வில், இந்த மருந்துகளால் மாரடைப்பு, பக்கவாதம், திடீர் மரணம் கூடியதாகத் தெரியவில்லை. அதனால் பயந்துபோய் பிள்ளையின் மருந்தை யாரும் நாளைக்கே நிறுத்த வேண்டாம். பல வருடம் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களை ஸ்வீடனில் பார்த்தபோது மட்டும், ஒவ்வொரு கூடுதல் வருடத்துக்கும் இதய, ரத்தக் குழாய் நோய்களுக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது, அதிலும் முக்கியமாக ரத்த அழுத்தம். ஆகவே ஒவ்வொரு தடவையும் பிரஷர் பார்க்கச் சொல்வது சடங்குக்காக இல்லை.

சிக்கல், அந்தச் சின்ன ஏற்றத்தைக்கூடத் தாங்க இடமில்லாத இதயங்களில். சுவர் தடித்த இதயம் என்று ஒன்று உண்டு, பரம்பரையாக வருவது, பார்த்தால் ஆள் நல்ல திடமாக இருப்பார், பந்து விளையாடுவார். உள்ளே ரத்தம் வெளியேறும் வாசல் பக்கத்தில் தசை புடைத்திருக்கும். இதயம் எவ்வளவு வேகமாகப் பிழிகிறதோ அவ்வளவுக்கு அந்த வாசல் நெருக்கும், ரத்தம் வெளியே போவது குறையும். நார்அட்ரினலின் செய்வதே வேகமாகப் பிழியச் சொல்வதுதான். இன்னொரு வகைப் பிறவிக் கோளாறில் சுவரும் வால்வும் நன்றாக இருக்கும், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இதயத்தின் மின்சாரம் திரும்பத் தயாராக அதிக நேரம் எடுக்கும். தயாராகும் முன்பே அடுத்த உந்துதல் வந்தால் துடிப்பு தாறுமாறாகிவிடும். இரண்டையுமே ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் வைத்து உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் நல்ல டாக்டர்கள், ஓடும்போது மயங்கி விழுந்திருக்கிறானா, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். "சித்தப்பா குளத்துல குளிக்கப் போனவர் அப்படியே போயிட்டார்" என்று வீட்டில் பேசிக்கொள்வதுகூட டாக்டருக்கு ஒரு தடயம். ஒரு ஈ.சி.ஜி எடுத்துப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றுவது அங்கேதான்.

பெரியவர்களுக்கும் இப்போது இந்தக் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டு மருந்து எழுதுகிறார்கள். அங்கே கணக்கே வேறு. கட்டுக்கு அடங்காத பிரஷர், இதய ரத்தக்குழாய் அடைப்பு, முன்பு வந்த பக்கவாதம் எல்லாம் கூட வரும்.

அடுத்து தைராய்டு. குறைவாகச் சுரப்பதை நான் சொல்லவில்லை, அதிகமாகச் சுரப்பதைச் சொல்கிறேன். தைராய்டு ஹார்மோன் கூடினால் நார்அட்ரினலினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இதயத்தில் பெருகும். அதே அளவு நார்அட்ரினலினுக்கு இதயம் இன்னும் அதிகமாகப் பதறும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, ஓரிடத்தில் நிலைகொள்ளாமை எல்லாம் தைராய்டிலேயே வரும், அதை ஏ.டி.எச்.டி என்று தவறாக எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுகிற விஷயம், மருந்து தொடங்கும் முன் பார்த்துவிடலாம். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் அபூர்வமாக ஒரு கட்டி வரும், ஃபியோகுரோமோசைட்டோமா என்பார்கள். அது தானாகவே நார்அட்ரினலினைக் கொட்டிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே வரப்பு வரை தண்ணீர் நிற்கும் வயலில் வடிகாலையும் அடைத்தால் என்ன ஆகும்? பிரஷர் எகிறி உயிருக்கே ஆபத்தாகும்.

கண்ணைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நார்அட்ரினலின் கண்மணியை விரிக்கும். சிலருக்குக் கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் மூலையே பிறப்பில் குறுகலாக இருக்கும், கண்மணி விரியும்போது கருவிழிக்குப் பின்னால் இருக்கும் திரை சுருங்கி அந்த மூலையில் போய் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறிக் கண் வலிக்கும், விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், பார்வையே போகலாம். கண் அழுத்த நோயான கிளாக்கோமா என்று சொல்லியிருந்தால், எந்த வகை என்று கண் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

மனநோயிலும் இதே கதைதான். எல்லை மீறிய உற்சாகமும் (மிகை எழுச்சி) ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறு உள்ளவருக்கு, மனநிலையைக் கட்டுப்படுத்தும் மருந்து இல்லாமல் இதை மட்டும் கொடுத்தபோது மிகை எழுச்சி பல மடங்கு கூடியதை 2017-இல் ஸ்வீடனில் கண்டார்கள். கட்டுப்படுத்தும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது கூடவில்லை. எனவே கதவு மூடிவிடவில்லை, எதை முதலில் கொடுப்பது என்ற வரிசைதான் முக்கியம். இல்லாத குரல் கேட்கிறது என்பவர்கள், சாப்பாட்டைப் பயந்து ஒதுக்கி மெலிந்துபோகிறவர்கள், போதைப் பழக்கம் இருந்தவர்கள் விஷயத்திலும் டாக்டர் மிகவும் யோசித்துத்தான் எழுதுவார். வலிப்பு கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

அப்புறம், கடைக்காரன் என்ற முறையில் எனக்கு அதிகம் பதைப்பது நோயை விட, கூடச் சாப்பிடும் மருந்துகளைப் பற்றித்தான். நரம்பு முனைக்குள் டோபமினையும் நார்அட்ரினலினையும் உடைத்து அழிக்க ஒரு நொதி உண்டு. அதைத் தடுக்கும் மருந்து உடம்பில் இருக்கும்போது வடிகாலையும் அடைக்கக் கூடாது, நிறுத்திய பிறகும் 14 நாள் இடைவெளி வேண்டும். மன அழுத்தத்துக்கான சில பழைய மாத்திரைகள் அப்படிப்பட்டவை. யாரும் எதிர்பார்க்காத ஒன்று, லினசோலிட். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்தான், ஆனால் அதே நொதியையும் தடுக்கும். எல்லைக்கு அப்பால் ஓர் ஆஸ்பத்திரியில் காசநோய் மருந்து, இப்பால் வேறிடத்தில் இந்த மாத்திரை என்று இருந்தால், இரண்டு டாக்டரும் தங்கள் சீட்டில் எழுதியது சரியாகவே இருக்கும், தவறு இரண்டுக்கும் நடுவில் நடக்கும். மூக்கடைப்புக்கு நாம் சாதாரணமாக வாங்கும் சளி மருந்துகள் பலவற்றில் ஃபினைலெஃப்ரின் இருக்கிறது, அதுவும் ரத்தக்குழாயைச் சுருக்குவதுதான். அந்த அம்மா கேட்ட சிரப்பிலும் இருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு, ஆவி பிடிக்கவும் உப்புத்தண்ணீர் சொட்டு விடவும் சொன்னேன்.

ஒரு பிள்ளைக்கு எழுதியதை, அவனும் அதேபோல்தானே இருக்கிறான் என்று தம்பிக்குக் கொடுப்பதும், பரீட்சைக்கு முழித்துப் படிக்க நண்பனிடம் வாங்கிப் போடுவதும் எவ்வளவு ஆபத்து என்று இனி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சீட்டு ஓர் உடம்பைப் பார்த்து எழுதியது. இப்படி உசுப்புகிற மருந்து (ஸ்டிமுலன்ட்) ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆட்டமாக்ஸெட்டின் மாதிரி வேறு வகை மருந்துகள் உண்டு, அதுவும் இதயத்தைப் பார்த்துத்தான். குவான்ஃபசின், குளோனிடின் போன்றவை நேர்மாறாகப் பிரஷரை இறக்கும்.

அந்தப் பையனைத் திருவனந்தபுரத்துக்கே திரும்பக் கூட்டிப்போனார்கள். எக்கோவும் ஈ.சி.ஜியும் எடுத்து, அடைத்த இடம் நன்றாக இருக்கிறது, கொடுக்கலாம் என்று இதய டாக்டர் எழுதிக் கொடுத்தார். மார்த்தாண்டத்தில் 5 மில்லிகிராமில் இருந்து தொடங்கினார்கள். இப்போது அந்த அம்மா கடைக்கு வரும்போது துணிப்பையில் இரண்டு ஊர் ஃபைலும் ஒன்றாக இருக்கின்றன. போன வாரம் பையனும் வந்தான், மாதாமாதம் பார்த்த பிரஷரையும் எடையையும் ஒரு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவனே வரிசையாக எழுதி வைத்திருந்ததைக் காட்டினான்.