4கே மானிட்டர் வாங்குமுன் இன்ச் டேப்பை எடுங்கள்

ஒரு சனிக்கிழமை, கடை சாத்தும் நேரத்துக்கு அப்பாவும் பையனுமாக வந்தார்கள். பையன் கையில் சிபியு. அப்பா நெஞ்சோடு அணைத்தபடி 27 இன்ச் மானிட்டர் பெட்டி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் குறுக்குச் சந்தில், குறுகலான மாடிப்படி ஏறித்தான் என் சர்வீஸ் கடைக்கு வரவேண்டும். மூச்சு வாங்க உட்கார்ந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டார்: "சார், வாங்கிப் பத்து நாள் ஆகல. பழசுலயே நல்லா ஓடுச்சு, இதுல கேம் திக்குதுன்னு இவன் சொல்றான். அப்ப மானிட்டர்லதானே கோளாறு?"

மானிட்டரில் ஒரு கோளாறும் இல்லை. நல்ல பேனல், 4கே, 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை படத்தை மாற்றிக் காட்டும். பையனிடம் இருந்த கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 2060, 6 ஜிபி. விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்தேன். 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. பட்டியலை விரித்தால் அதற்கு மேல் எதுவுமே இல்லை. பின்பக்கம் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பழைய மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளையே இதிலும் சொருகியிருந்தார்கள். அந்தக் கார்டில் இருப்பது எச்டிஎம்ஐ 2.0. அந்தக் குழாயில் நொடிக்கு 18 ஜிகாபிட்தான் போகும். 4கே படத்தை முழு நிறத்தோடு அனுப்பினால் 60 ஹெர்ட்ஸோடு மூச்சு நின்றுவிடும். அதைவிட அதிகம் கடத்தும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பெட்டிக்குள்ளேயே, உறைகூடப் பிரிக்காமல், தெர்மகோலுக்கு அடியில் கிடந்தது. அதை மாற்றியதும் பட்டியலில் 144 வந்தது. மவுஸை அசைத்துப் பார்த்த பையன், "அண்ணா, டெஸ்க்டாப்பே வேற மாதிரி இருக்கு" என்றான்.

ஆனால் கேமைத் திறந்ததும் பழையபடி திக்கல். ஓரத்தில் எஃப்பிஎஸ், அதாவது கார்டு நொடிக்கு வரைந்து முடிக்கும் படங்களின் (ஃபிரேம்களின்) எண்ணிக்கை, இருபதுகளில் தள்ளாடிக்கொண்டிருந்தது. இதைக் கேபிள் மாற்றிச் சரிசெய்ய முடியாது.

அப்பாவுக்குத் தாளில் எழுதிக் காட்டினேன். ஃபுல் எச்டி என்பது 1920 × 1080, சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்கிற கியூஎச்டி 2560 × 1440, சுமார் 36.9 லட்சம். 4கே 3840 × 2160, சுமார் 83 லட்சம். அதாவது ஃபுல் எச்டியைப் போல் சரியாக நான்கு மடங்கு. கார்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட்டாக வேண்டும். "நாலு பேருக்குச் சமைச்ச அடுப்புல பதினாறு பேருக்குச் சமைக்கச் சொல்றீங்க சார்" என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பையன்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

மானிட்டரை ஒருமுறைச் செலவு என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் வாங்கும் ரெசல்யூஷன் உங்கள் கார்டின் தலையில் தினமும் ஏற்றும் சுமை. கார்டு இழுக்காவிட்டால் அடுத்த செலவு கார்டு. அதற்கடுத்து பவர் சப்ளை. எனவே என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது பட்ஜெட்டை அல்ல. இரண்டே கேள்விகள்: கார்டு என்ன, கண்ணுக்கும் திரைக்கும் தூரம் எவ்வளவு?

தூரத்தை முதலில் பார்ப்போம், இதை யாரும் அளப்பதே இல்லை. நம் வீடுகளில் கம்ப்யூட்டர் மேஜை பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக இரண்டடி அகலம். ஸ்டாண்டும் கீபோர்டும் போக, கண்ணிலிருந்து திரை 60 சென்டிமீட்டர் என்று வையுங்கள். சாதாரணப் பார்வை உள்ள கண் பிரித்தறியும் அளவை ஒரு ஆர்க் மினிட் என்பார்கள், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 60 செ.மீ. தூரத்தில் அது 0.17 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு இன்ச்சுக்கு ஏறக்குறைய 145 புள்ளிகள். இப்போது பேனல்களைப் பாருங்கள். 24 இன்ச் ஃபுல் எச்டியில் இன்ச்சுக்கு 92 புள்ளி. 27 இன்ச்சில் அதே ஃபுல் எச்டி என்றால் 82தான், எழுத்தின் ஓரம் ரம்பப் பல்லாகத் தெரியும், வாங்காதீர்கள். 27 இன்ச் 1440பியில் 109. 32 இன்ச் 4கேயில் 138. 27 இன்ச் 4கேயில் 163. இந்தக் கடைசி எண் அந்த வரம்பையே தாண்டிவிட்டது. அந்த மேஜையில் உட்கார்ந்து அந்தப் பையன் காசு கொடுத்து வாங்கிய புள்ளிகளில் ஒரு பங்கு அவன் கண்ணுக்கே எட்டாது. ஆனால் சுமப்பது கார்டு.

இது அசையாத படத்துக்கான கணக்கு. எழுத்து, புகைப்படம், எக்செல் எல்லாம் 4கேயில் அச்சடித்த மாதிரி இருக்கும், அதை மறுக்கவில்லை. கேமில் படம் நிற்பதில்லை. இதை ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள், அங்கே ஓடுவது மெதுவாக நகரும் கடல், பூ, கிளி வீடியோ.

ஒரு எதிரி திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு இரண்டு நொடியில் ஓடுகிறான் என்று கொள்வோம். 4கே திரையில் நொடிக்கு 1920 புள்ளிகளைக் கடக்கிறான். 60 எஃப்பிஎஸ்ஸில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 32 புள்ளி தாவுகிறான். எல்சிடி திரை அடுத்த ஃபிரேம் வரும்வரை படத்தை அப்படியே பிடித்து நிறுத்தும். நம் கண்ணோ அவனைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் அந்த 32 புள்ளி அகலத்துக்கு உருவம் இழுபடும். புள்ளி எவ்வளவு பொடியாக இருந்தும், முப்பத்திரண்டு சேர்ந்து மங்கினால் என்ன பிரயோஜனம்? அதே ஓட்டத்தை 144 எஃப்பிஎஸ்ஸில் பார்த்தால் இழுபடுவது 13 புள்ளிதான். ஆகவே 60 எஃப்பிஎஸ் 4கேயைவிட 120, 144 எஃப்பிஎஸ்ஸில் ஓடும் 1440பி, விளையாடும்போது கூர்மையாகத் தெரியும். வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி வேகமான துப்பாக்கி கேம் ஆடும் பையன்கள் 4கே பக்கமே போவதில்லை. அவர்கள் பைத்தியக்காரர்கள் இல்லை.

"அப்ப 4கேயை 1440பியில செட் பண்ணி ஆடலாமே அண்ணா?" என்றான் பையன். எல்லோரும் கேட்பதுதான். ஆடலாம், ஆனால் 2160ஐ 1440ஆல் வகுத்தால் ஒன்றரை. ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளியில் வரைய முடியாது, எனவே திரை பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து பூசிவிடும். உண்மையான 1440பி மானிட்டரைவிடக் கொழகொழவென்று தெரியும். 1080பி, அதாவது ஃபுல் எச்டி வைத்தால் சரியாக இரண்டு மடங்கு. டிரைவரில் முழு எண் ஸ்கேலிங் போட்டால் புகைமூட்டம் இருக்காது, ஆனால் புள்ளி பெரிதாகத் தெரியும். இதைவிட நல்ல வழி, சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் மாதிரி அப்ஸ்கேலிங். 4கேயில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி என்றால் கார்டு உள்ளே வரைவது 1440பி. பெர்ஃபார்மன்ஸ் என்றால் 1080பி. அதை 4கேயாக விரித்துக் கொடுக்கும், அதுவும் நன்றாகவே. அன்று அந்தப் பையனுக்குச் செய்தது இதைத்தான். பெர்ஃபார்மன்ஸ் போட்டு, நிழலையும் டெக்ஸ்சரையும் ஒரு படி இறக்கினேன். 6 ஜிபி மெமரிக்கு அல்ட்ரா டெக்ஸ்சர் தாங்காது. ஆடும் அளவுக்கு வந்தது. விரிக்கிற வேலைக்கும் கார்டு கொஞ்சம் உழைக்க வேண்டும், ஆகவே பழைய 1080பி வேகம் அப்படியே திரும்பிவிடாது. அதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.

அட்டைப்பெட்டி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களுக்கு வருவோம். எழுதியிருப்பதில் பெரும்பாலும் பொய் இருக்காது. ஆனால் நாம் நினைக்கிற அர்த்தமும் இருக்காது.

"4கே சப்போர்ட்" என்று போட்டிருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். 4கே சிக்னலை வாங்கிக்கொண்டு ஃபுல் எச்டி பேனலில் சுருக்கிக் காட்டுவதையும் அப்படித்தான் எழுதுகிறார்கள். "நேட்டிவ் ரெசல்யூஷன்" வரியில் 3840 × 2160 என்று இருந்தால்தான் 4கே. ஆன்லைனில் "2கே" என்று போடுவதையும் நம்ப வேண்டாம். இரண்டு எண்களைத் தேடுங்கள்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் விஷயம் இன்னும் மோசம். எச்டிஆர்10 என்று மட்டும் எழுதியிருந்தால் சிக்னல் புரியும் என்றுதான் பொருள். வெளிச்சம் எவ்வளவு வரும் என்று அது சொல்லவே இல்லை. மானிட்டர் தரங்களை வகுக்கும் வீசா (VESA) அமைப்பு 2017 டிசம்பரில் டிஸ்ப்ளேஎச்டிஆர் தரப்பட்டியலைக் கொண்டுவந்தது. அதில் அடிமட்டம் 400. உச்ச வெளிச்சம் 400 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வந்தால் போதும், பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் லோக்கல் டிம்மிங் கட்டாயம் இல்லை. அது இல்லாமல் எச்டிஆர் ஆன் செய்தால் இருட்டு சாம்பல் பூசிக்கொள்ளும். 400 ஸ்டிக்கர் ஒட்டிய மானிட்டரில் எச்டிஆரை ஆஃப் செய்துவிடுங்கள் என்பதுதான் என் வழக்கமான வைத்தியம். 1000க்கு மேல், அல்லது பின்விளக்கே இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடிக்கு வரும் ட்ரூ பிளாக் என்றால் பேச்சு வேறு.

1 மில்லிசெகண்ட் ரெஸ்பான்ஸ் என்பதில் இரண்டு வகை. ஜிடிஜி என்றால் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் புள்ளி மாறும் நேரம், அதுவும் புள்ளியை வேகமாக மாறவைக்கும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து அளந்ததாகவே இருக்கும். அந்த நிலையில் ஆடினால் உருவத்துக்குப் பின்னால் வெள்ளை நிழல் தொடரும். எம்பிஆர்டி என்றால் பின்விளக்கைச் சிமிட்டி எடுத்த எண். அதை ஆன் செய்தால் திரை மங்கும், சிலருக்குத் தலைவலி வரும். எல்சிடி பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று வகைகள் உண்டு. விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், கான்ட்ராஸ்ட் ஐபிஎஸ்ஸைப்போல் மூன்று மடங்கு சாதாரணமாக வரும். ஆனால் இருட்டுக் காட்சியில் கறுப்பு மை இழுபட்ட மாதிரித் தெரியும் பேனல்கள் அதில் நிறைய. கடையில் டெஸ்ட்யூஎஃப்ஓ இணையதளத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பறக்கும் தட்டு ஓடும். இரண்டு மானிட்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நான் பக்கம் பக்கமாக எழுதுவதைக் கண் அரை நிமிடத்தில் சொல்லிவிடும்.

எச்டிஎம்ஐ 2.1 என்ற பெயரும் முழு உத்தரவாதம் இல்லை. அந்தத் தரத்தின் உச்சம் 48 ஜிகாபிட், ஆனால் 2.1 என்று போட எல்லா வசதியும் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே "எச்டிஎம்ஐயில் 4கே எத்தனை ஹெர்ட்ஸ்?" என்று நேரடியாகக் கேளுங்கள். பிளேஸ்டேஷன் 5ஐயும் அதே மானிட்டரில் மாட்டப்போகிறவர்களுக்கு இது முக்கியம். கம்ப்யூட்டர் மட்டும் என்றால் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 போதும், 4கே 144ஐ டிஎஸ்சி சுருக்கத்தோடு அனுப்பிவிடும். கேபிளைக் கார்டில் சொருகுங்கள், மதர்போர்டில் அல்ல. சிரிக்காதீர்கள், இந்த ஒரு காரணத்துக்காக மாதத்துக்கு ஒருவராவது என் மாடிப்படி ஏறுகிறார்.

ஓஎல்இடி பற்றிக் கேட்காதவர் இல்லை. படம் அற்புதம், அதில் இழுபடலே குறைவு. பகலெல்லாம் அதே திரையில் ஆபீஸ் வேலை பார்ப்பவர் என்றால் யோசிப்பேன். டாஸ்க்பார் மாதிரி அசையாமல் நிற்கும் படம் வருஷக்கணக்கில் தழும்பு விடலாம். பல பேனல்களில் புள்ளிகளின் அடுக்கு வேறு மாதிரி என்பதால் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கசிவும் தெரியும்.

அப்படியானால் நான் யாருக்கு எதைச் சொல்கிறேன்? கேமும் வேண்டும், கார்டு நடுத்தரம், மேஜை இரண்டடி என்றால் 27 இன்ச் 1440பி, ஐபிஎஸ், 144 அல்லது 165 ஹெர்ட்ஸ். எஃப்பிஎஸ் ஏறி இறங்கும்போது திரையும் கூடவே இசைந்து போக அடாப்டிவ் சிங்க் வேண்டும். 2019 ஜனவரியில் என்விடியா தன் கார்டுகளுக்கு இதைத் திறந்துவிட்டதிலிருந்து ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் முத்திரை உள்ள மானிட்டர்கள் பலவும் ஏஎம்டி, என்விடியா இரண்டு கம்பெனிக் கார்டிலும் ஓடுகின்றன. பகலில் வீடியோ எடிட்டிங்கோ கோடிங்கோ, இரவில் கதை சார்ந்த கேம், வலுவான கார்டு என்றால் தாராளமாக 4கே, அதுவும் 32 இன்ச், மேஜையைச் சற்று அகலமாக்கிக்கொண்டு. 27 இன்ச் 4கேயில் விண்டோஸை 150 சதவீதத்தில் வைத்தால்தான் எழுத்துப் படிக்க முடியும். சில பழைய சாஃப்ட்வேர் அதில் மங்கலாக வரும்.

அந்த அப்பா போகும்போது கேட்டார்: "திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கிக்கலாமா சார்?" பில் இருக்கிறதா என்றேன். விலையைக் குறைப்பதாகச் சொல்லி ஜிஎஸ்டி பில் இல்லாமல், வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 32 இன்ச் வரை மானிட்டருக்கு ஜிஎஸ்டி 2019லிருந்தே 18 சதவீதம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு மேற்பட்ட அளவுகளுக்கும் அதே விகிதம். அதை மிச்சம்பிடிக்கப் போய் வாரண்டியைச் சிக்கலில் விட்டுவிடாதீர்கள். பில் இல்லாததால் மானிட்டர் அந்த அப்பாவிடமே நின்றது. கார்டுக்குப் பணம் சேர்க்கப்போவதாகப் பையன் சொன்னான்.

பெட்டியைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுங்கள். முதல் நாளே திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றி வைத்து, செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு புள்ளிக்கெல்லாம் மாற்றித்தராத கம்பெனிகள் உண்டு, எத்தனை இருந்தால் மாற்றுவார்கள் என்பதை வாங்குமுன்பே வாரண்டித் தாளில் படித்துவிடுங்கள். இருட்டறையில் கறுப்புத் திரையை வைத்து மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்றும் பார்க்கவேண்டும். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயைத் திரைமேல் அடிக்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். காலிப் பெட்டியைத் தெர்மகோலோடு பரணில் ஏற்றுங்கள். சர்வீஸுக்குக் கூரியரில் அனுப்பச் சொன்னால் அந்தத் தெர்மகோல் அச்சு இல்லாமல் திரை முழுசாகப் போய்ச் சேராது.