தாத்தாவின் பிஸ்டலை வீட்டிலேயே பழுதுபார்க்கலாமா?

ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1903-இல் வெளிவந்த, .32 அளவுக் குண்டு சுடும் கோல்ட் கம்பெனி பிஸ்டல் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. குண்டை வெடிக்கத் தட்டும் சுத்தியல், மேலே முன்னும் பின்னும் நகரும் உறையான ஸ்லைடுக்குள் மறைந்திருக்கும். கைப்பிடியின் பின்பக்கக் கட்டையை உள்ளங்கை அமுக்கிப் பிடித்தால்தான் சுடும். அவ்வளவு நேர்த்தியான பொருள் ஸ்பிரிங் தளர்ந்து, நீலப்பூச்சு போய்க் கிடப்பதைப் பார்த்தால், நாமே பிரித்துச் சரிசெய்யலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். இந்தியாவில் அது குற்றம்.

"லைசென்ஸ்தான் இருக்கிறதே" என்பார்கள். அந்த லைசென்ஸ், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆவது பிரிவின்படி துப்பாக்கியை வைத்திருப்பதற்கு மட்டும். பழுதுபார்ப்பது, மாற்றியமைப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாம் 5-ஆவது பிரிவில் வருகின்றன. அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். அது இல்லாமல் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். முன்பு இது 3 முதல் 7 ஆண்டாக இருந்தது. குண்டு வெளியேறும் குழாயின் நீளத்தைக் குறைத்தாலும் இதே தண்டனைதான்.

எண்ணெய் பூசித் துடைத்து வைப்பது பராமரிப்பு. அதைத் தாராளமாகச் செய்யுங்கள். அரத்தை எடுக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையை இலகுவாக்குகிறேன் என்று உள்ளே இருக்கும் சின்னப் பிடிப்புத் துண்டை ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்த்துவிட்டால், ஒரு தடவை இழுத்ததற்கே குண்டுகள் தொடர்ந்து பாயக்கூடும். பிடித்திருக்கும் கைக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் அது எமன். விசையை விடும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும் ஆயுதம் சட்டப்படி தடைசெய்யப்பட்ட ஆயுதம் வேறு. அதை வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு. குழாயை மாற்றி ராணுவ 9 மி.மீ. குண்டு சுடும்படி செய்தாலும் பிஸ்டல் தடைசெய்யப்பட்ட வகைக்குப் போய்விடும்.

உதிரிபாகம் மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்ற எண்ணமும் உதவாது. சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம். இறக்குமதி லைசென்ஸ் இல்லாமல் பார்சலில் வரும் குழாயும் ஆயுதம்தான்.

பலர் கவனிக்காமல் விடுவது மெருகு போடும் வேலையை. நூறு வருஷம் கைபட்டுத் தேய்ந்த இரும்பில் வரிசை எண் மெல்லிய கீறலாகத்தான் நிற்கும். பாலிஷ் சக்கரத்தை இரண்டு முறை ஓட்டினால் கடைசி இலக்கம் காணாமல் போகும். எண்ணை அழிப்பதை 8-ஆவது பிரிவு தடுக்கிறது. எண் இல்லாத துப்பாக்கி உங்களிடம் இருந்தால், நீங்கள்தான் அழித்தீர்கள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. தாத்தாவின் நினைவாகப் பேரைப் பொறிக்க விரும்பினாலும், கடைக்காரரிடம் எண்ணைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஆகவே, வேலையைப் பழுதுபார்க்கும் லைசென்ஸ் உள்ள கடையில் கொடுங்கள். உங்களால் போக முடியாவிட்டால் வேறொருவர் கொண்டுபோகலாம். 3-ஆவது பிரிவே அதற்கு இடம் தருகிறது. ஆனால், பழுதுபார்க்கத்தான் கொண்டுபோகிறார் என்று லைசென்ஸ்காரர் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் கொண்டுபோகிறவரிடம் இருக்க வேண்டும். குண்டுகளை அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். குழாயின் பின்முனையில் குண்டு உட்காரும் சேம்பரில் ஒன்று இருக்கலாம். ஸ்லைடைப் பின்னால் இழுத்துக் கண்ணால் பார்த்த பிறகே கொண்டுபோகக் கட்டுங்கள்.

லைசென்ஸ்காரர் காலமாகிவிட்டால் பழுது பற்றிய பேச்சே பிறகுதான். துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு தன் பேருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். அவருக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி இருந்தால் மூன்றாவது கிடையாது, பரம்பரைச் சொத்தானாலும். 2016 ஆயுத விதிகள் நல்ல வழியொன்றைத் தருகின்றன: லைசென்ஸ்காரருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். வீட்டில் பெரியவர் தெம்பாக இருக்கும்போதே இதைப் பேசிவிடுங்கள். துக்க வீட்டில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு அலைவது பெரிய கொடுமை.

கடையிலிருந்து பிஸ்டலைத் திரும்ப வாங்கும்போது அங்கேயே வெளிச்சத்தில் பிடித்து, வரிசை எண்ணை லைசென்ஸ் புத்தகத்தோடு ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப்பாருங்கள். என்ன வேலை செய்தார்கள், எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று பில்லில் எழுதி வாங்கி, லைசென்ஸோடு சேர்த்து வையுங்கள்.